இரண்டு படகும் பதினொரு கிலோவும்

அத்தியாயம் 14

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் "நான் ஒரு படகு வாங்கலாம்னு இருக்கேன்" என்று கணவர் சொன்னபோது, அவள் தட்டிலிருந்து நிமிராமலே "சரி" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒற்றைச் சொல்லை ஏழு நாட்களாக மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவர் அவர். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. முதல் மாதம் வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளும் சத்தமில்லாமல் மூடப் பழகின. இரண்டாம் மாதம் ஃபிரிட்ஜை யார் எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தார். மூன்றாம் மாதம் வாசல் அறையில் அவள் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் வந்து நின்று, கண்ணை மூடிக் கேட்டு, "உள்ள ஒரு சக்கரம் முனகுது" என்றார்.

அப்படிப்பட்டவர் ஏரிக்குப் போய் மீன் பிடிக்கப் போகிறார் என்றால் எந்தப் பெண்டாட்டிக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். அவளுக்கும் இருந்தது, அரை நாள். அன்று மாலையே அவர் போனில் யாரிடமோ, "ஒரே ஆளு தள்ளித் தண்ணியில இறக்குற மாதிரி இருக்கணும்" என்று சொல்வது காதில் விழுந்தது.

ஒரே ஆள்.

மூன்றே அறைகள் உள்ள வீடு. மூன்றிலும் அவள்தான் இருக்கிறாள். ஒரு மனிதருக்கு இத்தனை வருடம் கழித்துத் தனியாகப் போக ஓர் ஏரி வேண்டியிருக்கிறது என்றால், அவர் எதைவிட்டுப் போகிறார் என்று யோசிக்க அதிகப் படிப்பு வேண்டாம். எந்தப் படகை வாங்கினாலும் சரி, அதில் தனக்கு ஓர் இடம் இருக்கிறதா என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வாய்விட்டுக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கேட்பதற்குப் பதிலாகச் சனிக்கிழமை காலை வாசல் அறைத் தையல் கடையைப் பூட்டிவிட்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

"உனக்கு யூனிஃபார்ம் தைக்கிற வேலை இருக்கே" என்றார்.

"இருக்கட்டும். ரெண்டு படகுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கப் போறீங்க. துணியா இருந்தா நான்தானே பார்ப்பேன்."

"இது அலுமினியம்."

"அதுக்கும் கண்ணு போதும்."

அவர் டார்ச், மட்டக்கோல், அவளுடைய அளவு நாடா, எழுதுவதற்கு அட்டையில் செருகிய தாள், கூடவே பலகைக்கு அடியில் அடங்குமா என்று பார்ப்பதற்காகப் புதிதாக வாங்கிய தூண்டில் பெட்டி என்று எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக அடுக்கி, எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அவள் தம்பி பிக்கப் வண்டியோடு வந்தான். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுப்பவன். பழகுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, கால் எப்போதும் பிரேக்கைத் தேடும். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தாலும் யாராவது வேகமாக நடந்து வந்தால் வலது கால் தரையை அழுத்தும். சொந்தத்தில் அவனுக்குப் பெயரே பிரேக்.

"அக்கா, நீயுமா? முன்சீட்ல மூணு பேர் உட்காரணுமே."

"உட்காருவோம். ஏன், நான் என்ன மூட்டையா?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே உறுத்தியது. ஏன் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முதல் படகு ஒரு பல் டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தது. கார் வெளியே வெயிலில் நின்றது. பன்னிரண்டு அடி நீளம், நீல வண்ணம். அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்துச் சேர்த்திருந்தார்கள். சக்கரம் வைத்த டிரெய்லர் மேல் படகு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே குறுக்காக இரண்டு பலகைகள்.

அவள் முதலில் பலகைகளைத்தான் எண்ணினாள். இரண்டு. மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது.

"தண்ணிக் குழாய் இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"குடிக்கவா?" என்றார் டாக்டர்.

"படகுக்குள்ள ஊத்த."

டாக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான்.

"தண்ணியில விட்டுப் பார்த்தா, உள்ள வர்ற தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரியாது" என்று பொறுமையாக விளக்கினார் கணவர். "உள்ள ஊத்திட்டு அடியில படுத்துப் பார்த்தா, எந்த ரிவெட் ஒழுகுதுன்னு எண்ணிடலாம்."

அரை முழம் தண்ணீர் ஊற்றினார்கள். கணவர் டார்ச்சோடு மல்லாந்து படுத்து டிரெய்லருக்கு அடியில் நகர்ந்து போனார். ஐந்து நிமிஷம் சும்மா நின்ற டாக்டருக்குத் தாங்கவில்லை. உள்ளே போய், நோயாளிகள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து, அவரும் மறுபக்கம் படுத்துவிட்டார். வெளியே இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"இந்தப் பின்வரிசையில ஒண்ணு கசியுது சார்."

"எங்க? கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க. ஆமா. ஆட்டம் இருக்கா?"

"ஆட்டம் இல்ல. கெட்டியாத்தான் இருக்கு."

"அப்போ எடுக்க வேணாம். அடைச்சா போதும்" என்றது டாக்டரின் குரல்.

வீட்டுக்குள்ளிருந்து டாக்டர் மனைவியின் குரல் கேட்டது. "போயிடுச்சா அது?"

"பார்த்துக்கிட்டு இருக்காங்கம்மா" என்று டிரெய்லருக்கு அடியிலிருந்து பதில் போனது.

"ரெண்டு வருஷமாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றது குரல்.

இருபது நிமிஷத்தில் இரண்டே சொட்டு. கணவர் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோது அவர் முகத்தைப் பார்த்தாள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம். பிடித்துப்போய்விட்டது. அவரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்ததும், தண்ணீர் வடித்த படகு சட்டென்று மேலே வந்தது.

"பார்த்தியா மாப்ளே, என்ன லேசு. ஒரு ஆளே தள்ளிடலாம்."

மறுபடியும் அந்த ஒரு ஆள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தார். "சோதிக்கப்பட்டது" என்று அச்சடித்து, கீழே பெயர், விலாசம், போன் நம்பர், கையெழுத்துப் போட ஒரு கோடு. வேலையில் இருந்த காலத்தில் லிஃப்ட்டைப் பரிசோதித்து முடித்ததும் ஓர் அட்டை கட்டாமல் அவர் படி இறங்கியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாக இருநூறு அட்டை அடித்து வைத்திருக்கிறார். அவள் தையல் மிஷினில் ஒன்று தொங்குகிறது. எதிர் வீட்டு கேட்டில் ஒன்று. பல் டாக்டர் படகின் மூக்கிலும் ஒன்றைக் கட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

"இன்னொண்ணும் பார்க்க வேண்டியிருக்கு. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

டாக்டர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. அவர் கண் அட்டையிலேயே இருந்தது.

படகின் பின்பக்கம் ஒரு சிறு உலோகத் தகடு பதித்திருந்தது. இரண்டு பேர், மொத்தம் 150 கிலோ. கணவர் அதை விரலால் தடவிப் படித்தார். எத்தனை பேர், எத்தனை கிலோ என்று எழுதிய தகடு அவருக்கு வேதம் மாதிரி. பிறகு தாளில் எதையோ எழுதிக் கூட்டினார். அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவருடைய கட்டை விரல் தாளில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. மீதியில் ஒரு வரி தெளிவாகத் தெரிந்தது. "அவ – 59." அதன் கீழே, கூட்டுத்தொகை 146.

அவளுக்கு ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. ஏழு நாள் மென்றதெல்லாம் வீண். மனுஷன் தன்னைச் சேர்த்தே கூட்டியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல், முகத்தில் காட்டாமல், தூண்டில் பெட்டிக்கும் தண்ணி பாட்டிலுக்கும் நடுவே அவளுக்கு ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த கணம் அந்த எண்ணை மறுபடி படித்தாள்.

ஐம்பத்தொன்பது.

அவள் பொய் சொன்னவள் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் இன்ஷூரன்ஸ் படிவத்துக்காக அவர் கேட்டபோது அவள் எடை ஐம்பத்தொன்பதுதான். அதன் பிறகு ஒவ்வொரு தடவை கேட்டபோதும் அதையே சொன்னாள். உண்மையைப் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். போன மாதம் மருந்துக் கடை மிஷினில், கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியபோது ஏறிப் பார்த்தாள். எழுபது.

தையற்காரிக்கு இது புதிது இல்லை. கடைக்கு வருகிறவர்கள் "முப்பத்தாறு போடுங்க" என்பார்கள். நாடா நாற்பது காட்டும். நாற்பதுக்குத் தைத்துக் கொடுப்பாள். போட்டுப் பார்த்து, "பார்த்தீங்களா, முப்பத்தாறு கரெக்டா இருக்கு" என்பார்கள். அவள் தலையாட்டுவாள். இப்படி ஊரில் பாதிப் பேருடைய இடுப்பு ரகசியம் அவள் நோட்டில் இருக்கிறது. தன் உடுப்புகளை மட்டும் ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு பிரித்து, உள்தையலை நகர்த்திக்கொள்வாள்.

அதெல்லாம் துணியில் சரி. உலோகத் தகடு நகராது.

லிஃப்ட்டில் எடை கூடினால் மணி அடிக்கும். கடைசியாக ஏறினவர் இறங்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் இதை அவளுக்கு ஏதோ உலக நீதியைச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார். அதிகம் கனத்தவர் இறங்க வேண்டாமா என்று அவள் கேட்டாள். "அதை யார் போய்க் கண்டுபிடிக்கிறது? கடைசியா ஏறினவங்கதான்" என்றார். ஒரு தடவை தன் சொந்த மேலதிகாரியையே ஏழாவது மாடியில் இறக்கிவிட்டு மூடிக்கொண்டு போனவர். எழுபது என்று தெரிந்தால் அவளை மட்டும் விட்டுவிடுவாரா?

வண்டியில் அவள் நடுவில் உட்கார்ந்தாள். கியர் போடும்போதெல்லாம் தம்பியின் கை அவள் முழங்காலில் இடித்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோயேன் அக்கா."

"இதுக்கு மேல எங்கடா தள்றது?"

"முன்னெல்லாம் இடம் இருக்குமே" என்றான் வெகுளியாக. அவள் அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவன் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்தது. இந்த முறை அது நிஜ பிரேக். மூவரும் முன்னால் போய் வந்தார்கள்.

இரண்டாவது படகு ஒரு செடி நர்சரியின் பின்புறம் கிடந்தது. பதினான்கு அடி. வெல்டிங் செய்த உடம்பு, மூன்று அகலமான பலகைகள், உரிந்துபோன பச்சைப் பெயிண்ட், விலாவில் ஒரு பள்ளம். ஒரு பாதியில் காலிப் பூந்தொட்டிகள். இன்னொரு பாதியில் பழைய மழைத்தண்ணீர்.

"எவ்வளவு நாளா இந்தத் தண்ணி நிக்குது?" என்றார் கணவர்.

"போன மாசத்து மழை" என்றாள் நர்சரிக்காரி. மண் ஒட்டிய கையுறையைக் கழற்றாமலே பேசும் பெண்.

தம்பி குனிந்து அடியைத் தடவினான். காய்ந்து கிடந்தது. "மாமா, உங்க டெஸ்ட்டை மழையே பண்ணி முடிச்சிடுச்சு."

"இது யாரு ஓட்டினது?" என்று கேட்டாள் அவள்.

"எங்க வீட்டுக்காரர்தான். ரெண்டு தடவை போனாரு. இதைத் தள்ள ரெண்டு பேர் வேணும். மூணாவது தடவை யாரும் அகப்படல. அதோட சரி."

தகட்டில் நாலு பேர், 290 கிலோ என்று இருந்தது. அவளுக்கு அந்த அசிங்கமான பச்சைப் படகைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் கணவர் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, முகம் சிவந்து, கீழே வைத்துவிட்டார்.

"படகு நல்ல படகு. குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேர் வேணும். இவளுக்குக் கடை இருக்கு, வரமுடியாத நாள் இருக்கும். சின்னதுதான் சரி."

"விலை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான் மாமா. பெருசுன்னா இடம் தாராளமா இருக்குமே" என்றான் தம்பி. அவள் அவனை நன்றியோடு பார்த்தாள். கிள்ளியிருக்க வேண்டாம்.

"இடம் எதுக்கு? சின்னதுல நாலு கிலோ பாக்கி இருக்கு." சொல்லிவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "நாலு கிலோதான் இருக்கு. அதனால வாய்க்கணக்கு உதவாது. எல்லாத்தையும் நிஜமாப் போட்டுப் பார்த்துடணும்."

அவர் பார்வை போன இடத்துக்கு அவள் பார்வையும் போனது. உர மூட்டைகளுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, இரும்புப் பலகை வைத்த எடை மிஷின். முன்னால் சிவப்பு எண்கள் எரியும் பெட்டி.

முதலில் தூண்டில் பெட்டியை வைத்தார். ஆறு. சொன்னபடியே. பிறகு தான் ஏறினார். எழுபத்தேழு என்று எழுதியிருந்தது, எழுபத்தெட்டு வந்தது. மனம் நொந்தாலும் திருத்தி எழுதினார்.

"நானும் பார்க்கிறேன்" என்று தம்பி தாவி ஏறினான். "எண்பத்தஞ்சுதான் இருப்பேன்."

தொண்ணூற்று நாலு.

"செருப்பு" என்றான்.

"செருப்பு ஒன்பது கிலோவா?" என்றாள் நர்சரிக்காரி.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். தொண்ணூற்று மூன்றரை. பேசாமல் இறங்கிப் போய் ஒரு ரோஜாச் செடியை ஆராய ஆரம்பித்தான்.

"வா" என்றார் கணவர் அவளிடம்.

"எனக்கு எதுக்கு? அதான் எழுதியிருக்கீங்களே."

"எனக்கே ஒரு கிலோ தப்பா இருந்துச்சு. வா, ஒரு நிமிஷம்."

அவள் நர்சரிக்காரியை ஒரு பார்வை பார்த்தாள். பெண்ணுக்குப் பெண் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"அந்த மிஷினை நம்பாதீங்க சார்" என்றாள் நர்சரிக்காரி சட்டென்று. "பத்துப் பன்னிரண்டு கிலோ கூடத்தான் காட்டும். ரிப்பேர்."

தம்பி ரோஜாவை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அப்படிச் சொல்லுங்க."

வேறு யாராக இருந்தாலும் விஷயம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் ஒரு மிஷின் ரிப்பேர் என்று அவள் கணவர் காதில் விழுந்தால், அது பசித்தவன் காதில் சாப்பாட்டு மணி. உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். ஊதினார். மட்டக்கோலை வைத்துப் பலகையைச் சமன் செய்தார். "ஐம்பது கிலோ மூட்டை ஒண்ணு, பிரிக்காதது, கொண்டா மாப்ளே" என்றார். மூட்டையை வைத்தார்கள்.

50.0 என்று எரிந்தது.

இன்னொரு மூட்டை. 100.0.

"அருமையான மிஷின்மா இது. யாரு உங்களுக்கு ரிப்பேர்னு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்துக் கட்டினார்.

நர்சரிக்காரி அவளைப் பார்த்து, என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள்.

ஓடிப்போகலாம் என்று தோன்றியது. கடையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்கவில்லை என்று சொல்லலாம். இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கு நீலப் படகு வரும். அதில் ஐம்பத்தொன்பது கிலோப் பெண்ணுக்கு ஓர் இடம் இருக்கும். அந்தப் பெண் ஏறும்போது தகட்டுக்கு மேல் கனம் ஏறும், ஏரி நடுவில் அது ஒருநாள் தெரியும். அதற்குப் பயந்து இன்றைக்குத் தலைவலி, நாளைக்குத் தையல் என்று ஒவ்வொரு தடவையும் கரையிலேயே நின்றுவிடுவாள். பிறகு அவர் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார். அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இல்லாத ஒருத்திக்காகப் போட்ட இடத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

செருப்பைக் கழற்றினாள். ஏறினாள். எண்கள் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு நின்றன.

70.0

எங்கேயோ குழாய் சொட்டியது. கணவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"எப்போலேருந்து?" என்றார்.

"ஒரு நாள்ல வருமா? கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"ஒன்பது வருஷமாத் தப்பான எடையை வச்சுக்கிட்டு..." அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. "அந்த மலைக்கோட்டைக்கு ரோப் கார்ல போனோமே, அதுல உன் எடையை ஐம்பத்தொன்பதுன்னு நான்தானே சொன்னேன்."

"ஒண்ணும் ஆகலையே."

"ஆயிருந்தா?"

"சேர்ந்துதானே விழுந்திருப்போம்" என்றாள்.

தம்பிக்குச் சிரிப்பு வந்து, ரோஜாச் செடிக்குப் பின்னால் மறைந்துகொண்டான். கணவர் சிரிக்கவில்லை. பென்சிலால் ஐம்பத்தொன்பதை அடித்து எழுபது என்று எழுதினார். கூட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு. எட்டு கிலோ கூட. தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீயே பாரு" என்றார்.

இப்போதுதான் தாளை முழுசாகப் பார்த்தாள். கட்டை விரல் மறைக்காமல்.

மேலே "ஆள்" என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் ஒரே வரி, "நான் – 78". அடுத்த தலைப்பு "சாமான்". தூண்டில் பெட்டி 6. தண்ணி, சாப்பாடு 3. அதற்கும் கீழே "பாதுகாப்புச் சாதனங்கள்" என்று அடிக்கோடிட்டிருந்தது. கயிறு, விசில் 1. அவ 70.

இரண்டு தடவை படித்தாள்.

"ஏங்க, நான் ஏன் விசிலுக்குக் கீழ இருக்கேன்?"

"எனக்கு நீச்சல் தெரியாதே" என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற முகத்தோடு. "உனக்குத் தெரியும். ஸ்கூல்ல மூணு கப் வாங்கினவ."

நர்சரிக்காரி கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. முப்பத்தோரு வருடக் குடித்தனம். கயிறு, விசில், பெண்டாட்டி. "அதுக்கு ஒரு ரப்பர் டியூப் போதுமே. எடையும் குறைச்சல்" என்றாள்.

அவர் படகின் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

"தனியாப் போனா கரையோரமாத்தான் போவேன். முழங்கால் ஆழம்" என்றார். "நடுவுல போகணும்னா நீ வேணும். டியூப்பை நம்பி நான் நடுவுக்குப் போக மாட்டேன்."

அது காதல் வசனமா, பாதுகாப்பு விதியா? அவரிடம் இரண்டுக்கும் ஒரே குரல்தான். அவளுக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஏதோ ஒன்று இதமாகக் கசிந்தது. எந்த ரிவெட்டிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நூற்று ஐம்பத்தெட்டு. சின்னது ஆகாது" என்று முடிவாகச் சொன்னார். "பெருசையே எடுத்துக்கலாம்மா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கொண்டாந்துடுவீங்களா?"

நர்சரிக்காரி சரியென்று கையுறையைக் கழற்றி, கை குலுக்கி, பூந்தொட்டிகளை இறக்கத் தொடங்கினாள். அந்த நேரம் அவர் போன் அடித்தது. அவர் "ஹலோ" என்றார். கேட்டார். "எங்க?" என்றார். "யாரு சொன்னா?" என்றார்.

"பல் டாக்டர்" என்றார் போனை வைத்துவிட்டு. "கையெழுத்துப் போட்டு விலாசம் கொடுத்துட்டுப் போயிட்டீங்க, அதனால படகை நானே கொண்டாந்து உங்க வாசல்ல விட்டுட்டேங்கிறார். பணம் மெதுவாக் கொடுத்தாப் போதுமாம்."

"யாரு விலாசம் கொடுத்தது?" என்றான் தம்பி.

எடை மிஷினில் பச்சை அட்டை காற்றில் மெல்ல ஆடியது.

வீடு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. நீலப் படகு டிரெய்லரோடு வாசற்கதவை ஒட்டிக் குறுக்காக நின்றது. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் மின்கம்பம். பல் டாக்டர் எப்படிக் கொண்டுவந்து நுழைத்தார் என்பது அவருக்கே வெளிச்சம். சக்கரத்துக்குக் கல் வேறு வைத்துவிட்டுப் போயிருந்தார். எதிர் வீட்டு ஜன்னலில் மூன்று தலைகள்.

"ரிவர்ஸ் எடுக்கவே முடியாது" என்றான் தம்பி, தொழில்முறைக் குரலில். "இதை இங்க நிறுத்தினவர் லைசென்ஸ் எப்படி வாங்கினார்னு தெரியல."

"உள்ள எப்படிப் போறது?" என்றார் கணவர்.

"இப்படித்தான்" என்றாள் அவள்.

டிரெய்லர் சக்கரத்தில் காலை வைத்து, விளிம்பைப் பிடித்து, ஒரு எம்பு எம்பி உள்ளே இறங்கினாள். இரண்டு அடி நடந்து அந்தப் பக்கம் இறங்கினால் வீட்டு வாசல். ஆனால் நடுவில் பலகை இருந்தது. காலையிலிருந்து நின்ற கால். ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள்.

பலகை அவளுக்குச் சரியாக இருந்தது. கால் நீட்ட இடம் இருந்தது. இரண்டு பக்க விளிம்பும் கை வைக்கிற உயரத்தில் இருந்தன. எத்தனையோ பேருக்கு உடம்புக்குப் பொருந்தத் தைத்துக் கொடுத்தவள். தனக்கு ஒன்று இப்படித் தானாகப் பொருந்தி நாளாகிவிட்டது. அவள் தெருவை இத்தனை உயரத்திலிருந்து பார்த்ததில்லை.

அவர் படகில் எனக்கு இடம் உண்டா, உண்டா என்று ஒரு வாரம் தவித்திருக்கிறாள். எனக்குப் படகு வேண்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக எப்போது நீந்தினாள்? மகள் வயிற்றில் இருந்தபோதா, அதற்கும் முன்னாலா?

"இறங்கு. இதைத் திருப்பி அனுப்பணும்" என்றார் கணவர் தெருவிலிருந்து.

"எதுக்கு?"

"நாளைக்குப் பத்து மணிக்குப் பெருசு வருதே."

"வரட்டும். அது உங்களுக்கு. இது எனக்கு."

தம்பியின் வலது கால் தரையை அழுத்தியது. "அக்கா, உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நீ சொல்லிக் கொடுக்கிறவன்தானே. கத்துக்கிறேன்."

கணவர் ஒரு கையில் தூண்டில் பெட்டி, ஒரு கையில் தாளோடு நின்றார். மூளைக்குள் எண்கள் ஓடுவது முகத்தில் தெரிந்தது. பெரிய படகு. தள்ள ரெண்டு பேர். காப்பாற்ற ஒரு ஆள். அந்த ஆள் வேறொரு படகில்.

"அப்போ நானு?" என்றார். குரல் சின்னதாக வந்தது.

ஒரு வாரமாக அவள் தொண்டையில் நின்ற கேள்வி. அது அவர் வாயிலிருந்து வந்து கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து அதை அனுபவித்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் தாளையும் பென்சிலையும் கொடுத்தார்.

"ஆள்" என்ற தலைப்பின் கீழ் தன்னை எழுதினாள். எழுபது. அவருக்குக் கீழே இல்லை, மேலே. கூட்டினாள்.

"நீங்க எழுபத்தெட்டு, நான் எழுபது. கயிறும் விசிலும் இருக்கட்டும். சாப்பாட்டை வீட்டுலேயே முடிச்சுக்கலாம். நூற்று நாற்பத்தொன்பது ஆச்சு. இன்னும் ஒரு கிலோ பாக்கி இருக்கு. தாராளமா வரலாம், நடுவு வரைக்கும் போகலாம்."

அவர் முகம் மலரத் தொடங்கியது.

"அந்தப் பெட்டியை மட்டும் கரையில வச்சுட்டு வரணும்" என்றாள்.

அவர் கையிலிருந்த தூண்டில் பெட்டியைப் பார்த்தார். ஆறு கிலோ. புத்தம் புதுசு. பலகையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த மூன்று தலைகளும் பதிலுக்காக எட்டிப் பார்த்தன. அவர் இன்னும் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.